தஞ்சையைக் காப்பாற்றியது ஆஸ்பத்திரி இல்லை

புது மாவட்டம் பிரிந்தால் எங்கள் பக்கத்தில் எழும் முதல் கோரிக்கை கலெக்டர் அலுவலகம் எங்கே அமையும் என்பது. அடுத்த கோரிக்கை மருத்துவக் கல்லூரி. தஞ்சாவூரில் 1959 முதல் இருக்கிறது. திருவாரூருக்கு 2010-ல் வந்தது. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டபோது நாகப்பட்டினமும் அதில் இடம்பெற்றது. 2020-ல் தனி மாவட்டமான மயிலாடுதுறை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. கேட்பது தவறு என்று சொல்ல மாட்டேன். அந்தக் கோரிக்கைக்கு அடியில் கிடக்கும் ஒரு நம்பிக்கையைத்தான் மறுக்க வேண்டியிருக்கிறது. ஒரு மாவட்டத்தின் ஆரோக்கியம் அங்கே எத்தனை படுக்கை, எத்தனை ஸ்பெஷலிஸ்ட், எத்தனை ஸ்கேன் மெஷின், எத்தனை பேர் கையில் காப்பீட்டு அட்டை என்பதில் இருக்கிறது என்ற நம்பிக்கை அது. மேடையில் பேசுபவர் இதைச் சொல்கிறார், டீக்கடையில் பேப்பர் படிப்பவரும் இதையே சொல்கிறார். படித்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், தமிழ்நாடு சுகாதாரத்தில் முன்னணியில் இருப்பதற்கே இதுதான் காரணம் என்று கட்டுரை எழுதுகிறார்கள்.

இது உண்மை இல்லை. காவிரிப் படுகையின் நூறு வருட வரலாற்றை எடுத்துப் பார்த்தால், இங்கே சாவைக் குறைத்தது பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கு வெளியே நடந்த வேலை.

வரப்பில் கண்ணாடி விரியன் கடித்துக் கிடப்பவருக்கு விஷமுறிவு மருந்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. பிரசவத்தில் உதிரம் நிற்காமல் போகும் பெண்ணுக்கு ரத்த வங்கி வேண்டும், அறுவை அரங்கு வேண்டும், நடு ராத்திரியிலும் மயக்க மருந்து கொடுக்கத் தெரிந்த டாக்டர் வேண்டும். இதையெல்லாம் மறுப்பவன் மனிதனே இல்லை. ஆனால் வந்த நோயாளியை மீட்பது ஒரு வேலை, நோயாளியே வராமல் பார்ப்பது வேறொரு வேலை. முதல் வேலைக்கு நாம் கட்டடம் கட்டி, கல்வெட்டு வைத்து, ரிப்பன் வெட்டுகிறோம். இரண்டாவது வேலை நடப்பதே பலருக்குத் தெரியாது.

பழைய தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து தொடங்குகிறேன். நெற்களஞ்சியம் என்று பெயர். முப்போகம் விளைந்த ஊர்கள், ஆற்றில் தண்ணீர், களத்தில் நெல். இந்தச் செழிப்பான மண்தான் சென்னை மாகாணத்தில் காலரா நிரந்தரமாகக் குடியிருந்த பகுதிகளில் ஒன்று என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ந்த சுகாதார அதிகாரிகள் கண்டார்கள். சில ஜில்லாக்களில் காலரா வரும், போகும். இங்கே அடங்கும், மறுபடி தலைதூக்கும், முழுசாகப் போகாது. காரணம் தண்ணீர். ஒரே வாய்க்காலில் மாடு குளிப்பாட்டி, துணி துவைத்து, குழந்தைக்குக் கால் கழுவி, நாலு முழம் தள்ளிக் குடத்தில் முகந்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மேலூரில் ஒருவருக்கு வாந்திபேதி கண்டால் அவர் துணியை அலசிய தண்ணீர் கீழூருக்கு வரும். அந்தக் கீழூரின் கடைக்கோடியில் பெரும்பாலும் சேரி இருக்கும். அங்கே இருந்தவர்களுக்கு ஊர்க் கிணற்றில் இறங்க உரிமை கிடையாது. வாய்க்கால் கொண்டுவந்ததைக் குடித்தார்கள், முதலில் செத்தார்கள்.

நல்ல சாப்பாடு கிடைத்துவிட்டால் நோய் தானாக ஓடிவிடும் என்பவர்கள் இந்த ஜில்லாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் இதே வாதம் நடந்திருக்கிறது. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் வருவதற்கு வெகு முன்பே அங்கே காசநோய்ச் சாவு பெருமளவு குறைந்துவிட்டதை மருத்துவ ஆய்வாளர் தாமஸ் மக்கியோன் எடுத்துக்காட்டினார். மருந்து அல்ல காரணம் என்பதில் அவர் சரி. ஆனால் உணவு மேம்பட்டதே முக்கியக் காரணம் என்று அவர் முடித்ததை 1988-ல் வரலாற்றாளர் சைமன் ஸ்ரெட்டர் மறுத்தார். நகராட்சிகள் போராடிக் கொண்டுவந்த குடிநீரையும் சாக்கடையையும் சுகாதார அதிகாரிகளையும் மக்கியோன் கணக்கில் விட்டுவிட்டார் என்பது அவர் குற்றச்சாட்டு. தஞ்சாவூர்க்காரன் ஸ்ரெட்டர் பக்கம்தான் நிற்க முடியும். நெல் விளைந்த கிராமத்தில் நெல்லால் காலராவைத் தடுக்க முடியவில்லை. நெல்லை விளைவித்தவன் வயிற்றுக்கு அது முழுதாகப் போய்ச் சேரவில்லை என்பது இன்னொரு கொடுமை. ஆனால் வயிறு நிறைந்த மிராசுதார் வீட்டிலும் காலரா புகுந்தது.

பழங்கதை என்று நினைப்பவர்களுக்குக் காரைக்காலைச் சொல்கிறேன். 2022 ஜூலை முதல் வாரம், ஊர் முழுக்க வயிற்றுப்போக்கு. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள், பரிசோதனையில் காலரா உறுதியானது, பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது, பள்ளிகளை மூடினார்கள். பழைய குடிநீர்க் குழாய்களில் கசிவு, அதில் கழிவுநீர் கலந்திருந்தது. அன்றைக்குக் காரைக்காலில் அரசுப் பொது மருத்துவமனை இருந்தது, ஜிப்மரின் கிளைக் கல்லூரி இருந்தது, தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்றும் இருந்தது. அவ்வளவு சின்ன ஊருக்கு இரண்டு மருத்துவக் கல்லூரி என்பது இந்தியாவில் பல பெரிய மாவட்டங்களுக்கும் கிடைக்காத வசதி. அந்த டாக்டர்கள் உழைத்தார்கள், டிரிப் ஏற்றினார்கள், சாவு பெருகாமல் தடுத்தார்கள். ஆனால் இரண்டு கல்லூரி சேர்ந்தும் ஒரு குழாயின் ஓட்டையை அடைக்க முடியாது. அது அவர்கள் வேலையும் இல்லை. காரைக்கால் புதுச்சேரி நிர்வாகத்தில் இருக்கிறது என்று தமிழ்நாட்டுப் பக்கத்தில் யாரும் நிம்மதி அடைய வேண்டாம். சாக்கடைக்குள் குடிநீர்க் குழாய் மூழ்கிக் கிடக்கும் தெரு கும்பகோணத்திலும் உண்டு, மன்னார்குடியிலும் உண்டு.

கும்பகோணம் என்றதும் முந்தைய தலைமுறைக்கு வெற்றிலைக்கும் கோயிலுக்கும் அடுத்தபடியாக நினைவுக்கு வந்தது யானைக்கால். மற்ற ஊர்க்காரர்கள் கேலி பேசினார்கள், பெண் கொடுக்கத் தயங்கினார்கள். ஆஸ்பத்திரிதான் ஆரோக்கியம் என்பவர்களுக்கு இந்த நோயைவிடத் தெளிவான பதில் இல்லை. கொசு கடித்து, புழு உடம்புக்குள் போய், பல வருடம் சத்தமில்லாமல் நிணநீர்க் குழாய்களைக் கெடுத்து, பிறகுதான் கால் வீங்கும். நன்றாக வீங்கித் தடித்த காலை எந்தப் பெரிய டாக்டரும் பழைய காலாக்கித் தர முடியாது. சோப்புப் போட்டுக் கழுவு, ஈரம் தங்காமல் துடை, புண் வராமல் பார்த்துக்கொள், தூக்கி வைத்துப் படு என்று சொல்லலாம். அது நிவாரணம், அவ்வளவுதான். ஆகவே இந்த நோயைப் பிடிக்க வேண்டிய இடங்கள் இரண்டு: கால் இன்னும் வீங்காத ஆளின் ரத்தம், அந்தக் கொசு முட்டையிடும் சாக்கடை.

1955-ல் தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. யானைக்கால் பிரிவு ஊழியர்கள் ராத்திரி எட்டு மணிக்கு மேல் தெருவுக்குள் வருவார்கள். புழுவின் குஞ்சுகள் பகலில் உள்ளே ஒதுங்கிவிடும், கொசு கடிக்கும் ராத்திரி நேரத்தில்தான் தோலோர ரத்தத்தில் உலவும். அதனால் அந்த நேரம். திண்ணையில் டார்ச் வெளிச்சத்தில் விரல் நுனியைக் குத்தி, கண்ணாடிச் சில்லில் ஒரு துளி எடுத்து, பெயர், வயது, வீட்டு எண் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். தூங்கும் பிள்ளையை எழுப்பாதே என்று தாய் சண்டை போடுவாள், குடித்துவிட்டு வந்தவன் விரட்டுவான். புழு இருந்தவர்களுக்கு டி.இ.சி. மாத்திரை. பகலில் அதே துறையின் ஆட்கள் சாக்கடையில் மருந்து தெளித்தார்கள். பிறகு நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோருக்கும் வருடம் ஒரு தடவை மாத்திரை என்ற முறை வந்தது, அதையும் வீடு வீடாகப் போய் எதிரிலேயே விழுங்க வைத்துவிட்டு வந்தார்கள். இன்றைக்குக் கும்பகோணத்துப் பிள்ளைகளுக்கு யானைக்கால் என்பது பாட்டன் காலத்துக் கதை. அந்தச் சாதனைக்கு எந்த மருத்துவமனையின் வாசலிலும் கல்வெட்டு கிடையாது.

இந்த வேலைமுறை எங்கிருந்து வந்தது? தானாக முளைக்கவில்லை. 1920-களிலேயே சென்னை மாகாணம் மருத்துவத்துறை வேறு, பொதுச் சுகாதாரத்துறை வேறு என்று பிரித்து வைத்தது. 1939-ல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. இந்தியாவில் அப்படிப்பட்ட முதல் சட்டம் அது. ராஜாஜி மந்திரிசபையில் சுகாதாரத்துக்கு அமைச்சராக இருந்தவர் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன், ஸ்ரீரங்கத்துக்காரர், காவிரிக்கரை மனிதர். 1930-ல் வேதாரண்யம் உப்பு சத்தியாகிரக யாத்திரை திருச்சியில் அவர் வீட்டிலிருந்துதான் புறப்பட்டது. ராஜன் லண்டனில் படித்துத் திரும்பிய நல்ல அறுவை மருத்துவர். கத்தி பிடித்த கை, சாக்கடைக்கும் குடிநீருக்கும் சட்டம் கொண்டுவந்ததை நம் மருத்துவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். குடிநீர், கழிவுநீர், கொசு, தொற்றுநோய், தாய் சேய் நலம், உணவு, தங்கும் விடுதி, திருவிழாக் கூட்டம் எல்லாம் அந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. உள்ளாட்சிகள் வருமானத்தில் ஒரு பங்கைப் பொதுச் சுகாதாரத்துக்கென்று ஒதுக்கியே ஆக வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

திருவிழாவுக்கென்று தனி அத்தியாயம் ஏன் என்று தஞ்சாவூரில் யாரும் கேட்க மாட்டார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை மகாமகம், வருடந்தோறும் நாகூர் கந்தூரி, வேளாங்கண்ணி கொடியேற்றம். கூட்டம் வரும், கூட்டத்தோடு காலரா வரும், கூட்டம் கலையும்போது காலராவும் ஊர் ஊராகப் போகும். சட்டத்துக்குப் பிறகு கூட்டத்துக்கு முன்னால் சுகாதார ஆய்வாளர் வந்து நின்றார். கிணற்றுக்கு மருந்து, தற்காலிகக் கழிப்பிடம், தடுப்பூசி முகாம், சத்திரத்துச் சமையலறையில் சோதனை. 2016 மகாமகத்தில் குளத்துத் தண்ணீரை விடாமல் சோதித்துக் குளோரின் போட்டுக்கொண்டே இருந்தார்கள். லட்சக்கணக்கானவர்கள் முழுக்குப் போட்டார்கள், தொற்றுநோய் கிளம்பவில்லை. கிளம்பாததால் செய்தியும் இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு பெரும்பாலான மாநிலங்கள் மருத்துவத்தையும் பொதுச் சுகாதாரத்தையும் ஒரே துறையாக்கின. நல்ல நோக்கம்தான். ஆனால் ஒரே பானையில் போட்டபோது சிகிச்சை மொத்தத்தையும் தின்றுவிட்டது. வாசலில் வரிசையாக நோயாளிகள் நிற்கும்போது எந்த டாக்டர் எழுந்து போய்க் கிணற்றைப் பார்ப்பார்? தமிழ்நாடு கலக்கவில்லை. பொதுச் சுகாதார இயக்குநரகம் தனியாக நின்றது, அதற்குத் தனிப் பணம், தனிப் படிப்பு, தனி அதிகாரிகள். மக்கள்தொகை ஆய்வாளர் மோனிகா தாஸ் குப்தாவும் அவருடன் சேர்ந்தவர்களும் 2010-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் மற்ற மாநிலங்கள் தமிழ்நாட்டிடம் கற்க வேண்டியது இதையே என்று வாதிட்டார்கள். வெளியாள் சொன்ன பிறகும் நமக்கு நம் சொத்து எது என்று தெரியவில்லை.

அந்தச் சொத்தை நேரில் பார்க்க எந்த ஊராட்சியிலும் விடியற்காலை மேல்நிலைத் தொட்டியடிக்குப் போனால் போதும். டேங்க் ஆபரேட்டர் பிளீச்சிங் பவுடரை எடை பார்த்து எடுப்பார். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் கணக்கு, முப்பதாயிரம் லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். அதை வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் கரைத்து, மேலும் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படியும்வரை காத்திருப்பார். தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும், மண்டியைக் கொட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு அரை மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டுத்தான் வால்வைத் திறக்கலாம். அவசரப்பட்டுத் திறந்தால் வாசனை வரும், கிருமி சாகாது. அப்புறம் சுகாதார ஆய்வாளர் வருவார். தொட்டிக்குக் கீழே இருக்கும் குழாயில் பார்த்தால் பயனில்லை, கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் சின்னக் கண்ணாடிக் குழலில் பிடித்து மருந்து விட்டுப் பார்க்க வேண்டும். மஞ்சள் நிறம் ஏறினால் குளோரின் அதுவரை வந்திருக்கிறது. நிறம் மாறாவிட்டால் நடுவில் எங்கேயோ அழுக்கு அதைத் தின்றிருக்கிறது, குழாயை வழி நெடுகத் தேட வேண்டும். பவுடர் பை திறந்தே கிடந்து வீரியம் போயிருந்தாலும் இந்தச் சோதனையில் தெரிந்துவிடும். இந்தக் கடைசிக் குழாய் அநேகமாகக் காலனித் தெருவில் இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு நாள் அந்தத் தெருவுக்குப் போகச் சோம்பல்பட்டால், யாருடைய பிள்ளைக்கு வயிற்றால் போகும் என்பது முன்பே முடிவாகிவிடுகிறது.

இந்த ஆபரேட்டர் ஊராட்சியிலேயே மிகக் குறைந்த சம்பளம் வாங்குபவர்களில் ஒருவர். மாவட்டத்தின் ஆரோக்கியத்தில் அவர் பங்கு எவ்வளவு என்று யாரும் கணக்குப் போடவில்லை. நான் போடுவேன்: பல டாக்டர்களைவிட அதிகம்.

சுனாமியின்போது இது நிரூபணமானது. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். பிணங்கள், செத்த மாடுகள், உப்பேறிய கிணறுகள், கல்யாண மண்டபங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் நெருக்கியடித்துக் கிடந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள். அடுத்து காலராவும் அம்மையும் வரும் என்று உலகமே எதிர்பார்த்தது. வரவில்லை. பல மாவட்டங்களிலிருந்து பொதுச் சுகாதாரக் குழுக்கள் இறங்கின. லாரித் தண்ணீர் ஒவ்வொன்றிலும் குளோரின் பார்த்தார்கள், முகாமில் பிள்ளைகளுக்குத் தட்டம்மை ஊசி போட்டார்கள், யாருக்காவது வயிற்றுப்போக்கா என்று அன்றாடம் கணக்கெடுத்தார்கள். வெளியூர் நகராட்சிகளிலிருந்து வந்த துப்புரவுப் பணியாளர்கள் மற்றவர்கள் கிட்டே போகத் தயங்கிய உடல்களை எடுத்து அடக்கம் செய்தார்கள். எந்தச் சாதியில் பிறந்தவர்களிடம் அந்த வேலை விடப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். நாகப்பட்டினம் அவர்களுக்குப் பட்ட கடன் இன்னும் தீரவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்து மின்கம்பங்களைச் சாய்த்தபோதும் ஊர் ஊராக ஜெனரேட்டர் கொண்டுபோய்த் தொட்டியில் தண்ணீர் ஏற்றினார்கள். பல பத்தாண்டுப் பழக்கம் இல்லாமல் இதை ஒரே ராத்திரியில் யாரும் கற்றுக்கொண்டிருக்க முடியாது.

இதற்கு வரும் மறுமொழி எனக்குத் தெரியும். காலராவும் யானைக்காலும் போன தலைமுறை நோய்கள். இப்போது சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மாரடைப்பு, சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய். இதற்குக் குளோரின் வாளி என்ன செய்யும், பெரிய ஆஸ்பத்திரிதானே வேண்டும் என்பார்கள். கேட்க நியாயமாகத் தெரியும். ஆனால் டயாலிசிஸ் படுக்கையில் கிடப்பவரிடம் பேசிப் பாருங்கள். பலருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை இருந்திருக்கும், கொதிப்பு இருந்திருக்கும், வலி இல்லாததால் தெரிந்திருக்காது. தெரிந்தவர்களும் மாத்திரையை நடுவில் நிறுத்தியிருப்பார்கள். சிறுநீரகம் போன பிறகு வாரத்துக்கு மூன்று நாள் மெஷினில். அரசு அதை இலவசமாகக் கொடுத்தாலும் பஸ் கூலியும் போன வேலைநாளும் குடும்பத்தை விழுங்கிவிடும். பத்து வருடத்துக்கு முன்னால் ஒருவர் வீட்டுக்கு வந்து கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்து, மாதா மாதம் மாத்திரை கொடுத்திருந்தால்? 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் அந்த வேலையைத்தான் செய்கிறது. யானைக்காலுக்கு ராத்திரி ரத்தம் எடுக்க வந்தவர்களின் வழி அது. நோய் மாறியிருக்கிறது, வாசலுக்குப் போகும் வேலை மாறவில்லை.

பிரசவச் சாவை வைத்தும் இதைப் பார்க்கலாம். ஆஸ்பத்திரி தேவை என்று முன்னமே ஒப்புக்கொண்ட இடம் அது. 2018-20 கணக்கெடுப்பில் உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் 54 தாய்மார் சாவு, இந்தியாவில் 97. குழந்தை இறப்பு 2020-ல் ஆயிரத்துக்குத் தமிழ்நாட்டில் 13, நாட்டில் 28. அறுவை அரங்குகள் இதில் பங்களித்தன, சந்தேகமில்லை. ஆனால் ரத்தசோகை உள்ள பெண்ணை மூன்றாம் மாதத்திலேயே கண்டுபிடித்தது கிராம சுகாதார செவிலியர். வயலில் நடவில் நின்றவளை வரப்புக்கு அழைத்து ரத்த அழுத்தம் பார்த்தவர், இரும்புச்சத்து மாத்திரை வாங்கி வைத்துவிட்டுச் சாப்பிடாதவளைத் திட்டியவர், இவளுக்குப் பிரசவம் வீட்டிலோ சின்ன ஆஸ்பத்திரியிலோ வேண்டாம் என்று நாள் குறித்து அனுப்பியவர் அவர்தான். அப்படியும் ஒரு தாய் இறந்தால், 1990-களிலிருந்து தமிழ்நாட்டில் அந்தச் சாவை விட்டுவிடுவதில்லை. ஊருக்குப் போய் வீட்டாரிடம் கேட்டு, எந்த இடத்தில் எத்தனை மணி நேரம் வீணானது என்று எழுதி, கலெக்டர் முன்னிலையில் விசாரிக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கும் பாடம் சொல்லும் இடத்தில் பொதுச் சுகாதாரம் இருக்கிறது.

இன்னொரு தரப்பு, எல்லாம் நம் முன்னோரிடம் இருந்தது, வெள்ளைக்காரன் சட்டம் எதற்கு என்று கேட்கிறது. முன்னோரிடம் இருந்ததை நான் மதிக்கிறேன். தஞ்சாவூரில் குந்தவை ஆதுலசாலை வைத்து வைத்தியருக்கு நிலம் கொடுத்தாள். சரபோஜி 1801-ல் ஆங்கிலேய ரெசிடெண்ட் டோரினுக்கு எழுதிய கடிதத்தில், சத்திரத்துக்கு வரும் நோயாளி வழிப்போக்கருக்கு வைத்தியமும் பிரசவித்த பெண்ணுக்குப் பராமரிப்பும் தருவதைப் பெருமையோடு விவரிக்கிறார். மேலான கருணை அது. ஆனால் அதுவும் நோய் வந்த பிறகு காட்டிய கருணைதான். வாய்க்கால் தண்ணீர் சேரிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று எந்தச் சத்திரமும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டது 1939-ன் சட்டமும், அதைச் சுமந்துகொண்டு சைக்கிளில் ஊர் ஊராகப் போன ஆய்வாளரும்.

இந்த வேலைமுறை இப்போது தேய்ந்துகொண்டு வருகிறது என்பதுதான் என் கோபம். ஆய்வாளர் இடங்களை நிரப்பச் சொல்லிச் சங்கங்கள் கோரிக்கை வைத்துக்கொண்டே இருக்கின்றன. புதுக் கட்டடத்துக்கு ஒதுக்கும் வேகம் குழாய் மாற்றுவதில் இல்லை. வீட்டுத் தொட்டியில் கொசுப்புழு தேடும் பெண்கள் தினக்கூலியில் இருக்கிறார்கள், டெங்கு அடங்கினால் அவர்கள் வேலையும் அடங்கிவிடும். எம்.எல்.ஏ.விடம் மருத்துவக் கல்லூரி கேட்கிற ஊர், அவரிடம் சாக்கடைக்குள் கிடக்கும் குழாயை எடுத்துப் போடச் சொல்லிக் கேட்டதில்லை.

மயிலாடுதுறைக்குக் கல்லூரி வரட்டும், நானும் கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்பாக அடுத்த கிராம சபையில் மூன்று காகிதங்களைக் கேளுங்கள். தொட்டிக்கு என்றைக்கு எத்தனை கிராம் பவுடர் போட்டார்கள் என்ற பதிவேடு, கடைசிக் குழாயில் எடுத்த சோதனையின் தேதியும் அளவும், ஊராட்சிக்குரிய ஆய்வாளர் மற்றும் செவிலியர் இடங்களில் ஆள் இருக்கிறார்களா என்ற விவரம். பதிவேடு இல்லையென்றால் அதைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்கி, கலெக்டருக்கு அனுப்பிவிட்டு, அடுத்த சபையில் மறுபடி கேளுங்கள்.